இடுப்புக்கு அளவெடுத்த படகு

ஜனவரி 12

பல்லுக்காரனுக்கு,

உன்கூட இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு வக்கீல் ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் சொன்னேன். சொன்னா சொன்னதுதான். எழுத மாட்டேன்னு சொல்லலை, அதனால எழுதுறேன். போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.

உன் பக்கத்துக் கரையில இருந்து இங்க வலை வாங்க வந்த ஆள் சொன்னான், நீ நிஜமாவே வீட்டு முன் ரூம்ல மரம் அறுக்கிறியாம். எனக்குச் சிரிக்கிறதா தலையில அடிச்சுக்கிறதான்னு தெரியலை. அன்னைக்கு நான் கோபத்துல சொன்னது அது. "உன் கையால ஒரே ஒரு படகு செஞ்சு, நீயே ஓட்டிக்கிட்டு ஏரியைத் தாண்டி என் துறையில வந்து காலை ஊனு. பட்டறையை விக்கலை, சாவியை உன்கிட்ட கொடுத்துடறேன். முடியலைன்னா வாயை மூடிக்கிட்டு விற்பனைப் பத்திரத்துல கையெழுத்துப் போடு." கொஞ்சம் புத்தி இருக்கிறவன் அப்பவே பேனாவை எடுத்திருப்பான். நீ "சரி"ன்ன.

அப்பா பட்டறையை ரெண்டு பேர் பேர்லயும் எழுதி வச்சுட்டுப் போனதுதான் அவர் வாழ்க்கையில பண்ண ஒரே தமாஷ். படகு செய்யறது நான். என் கை மூட்டு ரெண்டும் போச்சு, ஃபைபர் தூசியில மூச்சு வாங்குது. குளிர்பதனக் கிடங்கு வைக்கணும்னு ஒரு கம்பெனி வாசல்ல நிக்குது. உன் ஒரு கையெழுத்துக்காக நான் காத்துக்கிட்டு இருக்கேன். நீயோ ஊருக்குப் பல்செட்டு கட்டுறவன், அந்த வேலையையாவது பாரு.

நீ எதை முடிச்சிருக்க? கிடார் வாங்கின, கம்பி அறுந்ததும் விட்டுட்ட. தேனீ வளர்த்த, அது உன்னைவிட விவரம், பறந்து போச்சு. மாடிப்படி கட்ட ஆரம்பிச்ச, அது இன்னும் பாதியில நின்னு வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கு. பாதிக் கிணறு தாண்டுறதையே தொழிலா வச்சிருக்கிறவன் ஏரியைத் தாண்டப் போறானாம்.

மே கடைசி வரைக்கும் கம்பெனிக்காரன் பொறுப்பான். கடன் வாங்கக் கூடாது, ஆசாரி வைக்கக் கூடாது. மறந்துடாதே.

அக்கா


ஜனவரி 21

மதிப்பிற்குரிய படகுப் பட்டறை முதலாளி அம்மா அவர்களுக்கு,

தங்கள் ஆசீர்வாதக் கடிதம் கிடைச்சது. பேச மாட்டேன்னுட்டு இத்தனை பக்கம் எழுதியிருக்கியே, பேசியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன். நல்ல வேளை.

நான் செய்யறது கயாக். ஒரே ஆள் காலை நீட்டி உக்காந்து, இருபக்கத் துடுப்பு போடுற ஒல்லிப் படகு. மேல்பக்கமும் மூடியிருக்கும், இடுப்பு நுழைய மட்டும் ஒரு ஓட்டை. மரத்தை விரல் அகலத்துக்கு மெல்லிசுப் பட்டியா அறுத்து, ஒண்ணோட ஒண்ணு பக்கவாட்டுல ஒட்டிக்கிட்டே வரணும். உன் பட்டறை மாதிரி அச்சுல ஃபைபரை அப்பிக் காய வச்சு, பக்கெட் கவிழ்க்கிற மாதிரி கவிழ்க்கிற வேலை இல்ல இது.

மரம் எங்கேன்னு கேப்ப. சொல்றேன். நீ என் கல்யாணத்துக்குக் கொடுத்தியே ஒரு அலமாரி, கதவுல பூ வேலை போட்டது, அதை அறுத்துட்டேன். மரம் லேசு, ஒரு முடிச்சு இல்ல. வாழ்க்கையில நீ எனக்குக் கொடுத்ததுல உருப்படியான சாமான் அது ஒண்ணுதான். உன் தம்பி பொண்டாட்டியோட துணியெல்லாம் இப்ப அட்டைப் பெட்டியில இருக்கு. அவ "படகு முழுகினா நீங்களும் அட்டைப் பெட்டிதான்"னு மட்டும் சொன்னா.

மிச்சத்துக்குப் பழைய ஜன்னல் கதவு. நீளம் பத்தாத துண்டை ரெண்டு முனையும் சாய்வா சீவி ஒட்டினா ஒரே மரம் மாதிரி ஆயிடுது. கிளாம்ப் வாங்கக் காசு இல்ல, சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டுறேன். படகோட வடிவத்துக்கு நடுநடுவுல பலகை அச்சு நிறுத்தணும் இல்லையா, அதுக்கு என் பழைய கடைபோர்டையே அறுத்துட்டேன். அதுல ஒரு பெரிய வாய் சிரிச்சுக்கிட்டு இருக்குமே, ஞாபகம் இருக்கா? இப்ப ஒவ்வொரு அச்சுலயும் ரெண்டு மூணு பல்லு தெரியுது. ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா முன் ரூமே என்னைப் பார்த்து இளிக்குது.

எதுக்குடா உனக்குப் பட்டறைன்னு நீ ஒரு தடவைகூட கேட்டதில்ல. கேக்காட்டியும் சொல்றேன். அப்பா உன்னை மட்டும்தான் பட்டறைக்குள்ள விட்டார். "இவன் கை பல்லு அளவுக்குத்தான்"னு என்னை வெளியிலயே உக்கார வச்சார். மத்தவங்க வாய்க்குள்ளயே என் காலம் போயிடுச்சு. கைக்குள்ள அடங்காத ஒரு சாமானை நானும் செய்யணும்னு எனக்கு ஆசை. அவ்வளவுதான்.

இன்னொண்ணு. படகு படகுன்னு பேசுறியே, நீ ஒரு நாளாவது படகுல ஏறியிருக்கியா? அப்பா சின்ன வயசுல உன் இடுப்புல கயித்தைக் கட்டித் தண்ணியில இறக்கினதுல இருந்து உனக்குக் கணுக்கால் நனைஞ்சாலே ஜுரம். துறையில பலகை மேல நின்னுக்கிட்டே வித்துப் பெரிய ஆளாயிட்ட. நீந்தத் தெரியாதவ நீச்சல்காரனுக்கு மார்க் போடுற கதை.

தம்பி


பிப்ரவரி 6

பல்லுக்காரனுக்கு,

அலமாரியை அறுத்தவனுக்கு நான் என்னத்தைச் சொல்ல. அதை வாங்க நான் பத்துக் கடை ஏறி இறங்கினேன். கதவுல இருக்கிற பூவுக்காகவே வாங்கினேன். உன் பொண்டாட்டிக்குப் பொறுமைக்கு ஒரு பரிசு கொடுக்கணும். நானா இருந்தா உன்னைத்தான் பட்டி பட்டியா அறுத்திருப்பேன்.

தண்ணியைப் பத்திப் பேசாதே. சமைக்கிறவ எல்லாம் அடுப்புக்குள்ள உக்காந்தா சமைக்கிறா?

உன் கடிதத்தைப் பட்டறையில பெயிண்டர் கேட்டான், படிச்சுக் காட்டினேன். சைக்கிள் டியூபுன்னதும் பிரஷைக் கீழ போட்டுட்டுச் சிரிச்சான். எனக்கு அதுக்கும் ஆத்திரம் வந்தது, எதுக்குன்னு தெரியலை. போய் வேலையைப் பாருன்னு துரத்திட்டேன்.

அப்பா உன்னை வெளிய உக்கார வச்சது நீ கையில ஆணி குத்திக்கிட்டு அழுததாலதான். அதுக்கு நான் பொறுப்பில்ல.

அக்கா


மார்ச் 10

முதலாளி அம்மாவுக்கு,

அடிப்பாகம் முடிஞ்சது. முழுசா. படிச்சுட்டு மயக்கம் போட்டுடாதே.

கடைசிப் பட்டியை நடுவுல சொருகினப்போ ஒரு தாள்கூட நுழையாத மாதிரி உக்காந்துச்சு. பல்லுக்காரன் கை இது. வளைவு வர்ற இடத்துல மரம் முரண்டு பிடிச்சது, ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால தேய்ச்சேன், சொன்ன பேச்சு கேட்டுச்சு. நீயும் மரமா இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

உன் தம்பி பொண்டாட்டி தையல் யூனிட்ல இருந்து வந்ததும் தினமும் ஒரு தரம் விரலால தடவிப் பார்க்கிறா. "என் அலமாரி எந்தப் பக்கம்"னு கேக்கிறா. இடது பக்கம், கதவுப் பூ அப்படியே தெரியுது. பூ வர்ற பட்டிகளை மட்டும் வரிசை மாறாம ஒட்டியிருக்கேன். அது உனக்காக இல்ல, பார்க்க நல்லா இருக்கேன்னு.

இனி மேல கண்ணாடி இழைத் துணி போட்டு, தண்ணி இறங்காம இருக்க ரெசின் பூசணும். ரெசினுக்கு விலை விசாரிச்சேன், வாயைப் பொத்திக்கிட்டு வந்துட்டேன். நீ ரெண்டு டிரம் வச்சுக்கிட்டு அதுல பாதியைத் தரையில சிந்துறது எனக்குத் தெரியும். கேக்கலை. தகவலுக்குச் சொன்னேன்.

தம்பி


மார்ச் 17

கேக்காம கேக்கிற கலையில உன்னை அடிச்சுக்க ஆள் இல்ல.

ஒரு டப்பா ரெசின், மிஞ்சின துணிச்சுருள் ஒண்ணு, லாரிக்காரன்கிட்ட கொடுத்து விட்டிருக்கேன். பிச்சைன்னே வச்சுக்கோ. கடன் இல்ல, அதனால பந்தயத்துல சேராது. ஏன் கொடுத்தேன்னா, என் தம்பி படகு ரெசின் இல்லாம முழுகுச்சுன்னு நாலு பேர் சொன்னா பட்டறைக்குக் கேவலம். அது உன் முட்டாள்தனத்தால முழுகட்டும்.

பூசறதுக்கு முன்னாடி தூசியைத் துடை. காத்துக் குமிழி இல்லாம தேய். மூக்கை மூடிக்கோ. இது என் தொழில், இதுல எனக்குப் புத்தி சொல்ல வராதே.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

மதிப்பிற்குரிய எல்லாம் இன்னைக்குக் கிடையாது.

நீ சொன்ன மாதிரியே துடைச்சேன், சொன்ன மாதிரியே தேய்ச்சேன். கண்ணாடியா நின்னுச்சு. தெரு ஆளெல்லாம் வந்து முகம் பார்த்தாங்க. வெயில்ல நல்லா காயட்டும்னு பின்வாசல்ல வச்சேன். நேத்து ஒரு மூலையில நகம் போற அளவுக்கு எழும்பியிருந்துச்சு. இழுத்தேன். புஸ்தக அட்டையை உரிக்கிற மாதிரி மொத்தமா கையோட வந்துடுச்சு. ஒரு மாச வேலை, உரிஞ்ச துணி முழங்கால் வரைக்கும் சுருண்டு கிடக்க நின்னேன்.

உன்னை எனக்குத் தெரியும்க்கா. வாய்தான் கத்தி, மனசு அப்படி இல்லைன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச முட்டாள் நான். கெட்டுப்போன ரெசினைக் கொடுத்து ஜெயிக்கணும்னு நினைச்சிருந்தா நேரா சொல்லியிருக்கலாம். கையெழுத்தை அப்பவே போட்டிருப்பேன். இப்ப போட மாட்டேன். உரிச்ச இடத்தை உப்புத்தாள் போட்டு மறுபடி தேய்ச்சுக்கிட்டு இருக்கேன். கை எரியுது. வயிறும்தான்.

தம்பி


ஏப்ரல் 22

பல்லுக்காரனுக்கு,

உன் கடிதத்தைப் படிச்சு ரெண்டு நாள் பட்டறையில எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தேன். பெயிண்டர் பயந்துபோய் லீவு போட்டுட்டான்.

என் ரெசினைக் கெட்டதுன்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல. உன் மரத்துலதான் கோளாறுன்னு நிரூபிக்கணும்னு, பின் ஷெட்ல கிடந்த ஒரு பலகையை எடுத்து அதே டிரம் ரெசினைப் பூசி வெயில்ல வச்சேன். உரிஞ்சு வந்துடுச்சு. இன்னொரு பலகை. அதுவும். அப்புறம் ரெசின் கடைக்காரனைப் போய்ப் பிடிச்சேன். அவன் சாதாரணமா சொல்றான், "அது ஃபைபர் மேல ஃபைபருக்குத்தாங்க, மரத்தைப் பிடிக்காது, மரத்துக்கு எபாக்ஸி ரெசின் போடணும், உங்களுக்குத் தெரியாதா?" இத்தனை வருஷம் முதலாளின்னு நாற்காலியில உக்காந்திருக்கேன், அவன் என்னைப் பார்த்து "தெரியாதா"ங்கிறான்.

தெரியாதுதான். அப்பாவுக்கு அப்புறம் பட்டறையில நான் மரத்தைத் தொட்டதே இல்ல. தெரியாம செஞ்சதுக்கும் வேணும்னு செஞ்சதுக்கும் வித்தியாசம் இருக்கு. அது உன் மரமண்டைக்கு எட்டணும். நான் உன்னை ஜெயிக்கணும்னா நேருக்கு நேரா ஜெயிப்பேன், டப்பாவுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இல்ல.

எபாக்ஸி வாங்கி அனுப்பியிருக்கேன். கெடுவையும் ஜூன் நடு வரைக்கும் தள்ளிட்டேன். கம்பெனிக்காரன் முகம் சுளிச்சான், சுளிக்கட்டும். மன்னிப்புன்னு இதை எடுத்துக்காதே. ஒரு துண்டுப் பலகையில பூசிப் பார்த்துட்டுப் படகுல பூசணும்னு உனக்கும்தான் தோணலை. முட்டாள் ஒருத்தர் இல்ல, குடும்பமே அப்படி.

அக்கா


ஏப்ரல் 30

முதலாளி அம்மாவுக்கு,

எபாக்ஸி வந்தது. ஒரு பலகையில பூசிப் பார்த்தேன், உளி போட்டுத் தட்டினாலும் மரம்தான் பிய்யுது, அது பிய்யலை. படகுலயும் பூசிட்டேன்.

ஆனா உன்கிட்ட சும்மா வாங்கிக்க நான் தயாரா இல்ல. உன் பல்செட்டு உடைஞ்சு, நாலு மாசமா ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு இருக்கியாம், வலை வாங்க அங்க வர்ற ஆள் சொன்னான். சண்டையில வேற பல்லுக்காரன்கிட்டயும் போகலையாம். ஏன், ஊர்ல வேற ஆளே இல்லையா? உன் வாயோட பிளாஸ்டர் அச்சு என் அலமாரியிலதான் இருக்கு. அறுக்காத அலமாரி, பயப்படாதே. அதை வச்சு மேலும் கீழுமா ஒரு செட்டு பண்ணி இத்தோட அனுப்பியிருக்கேன். எபாக்ஸிக்கு ஈடு. கணக்குத் தீர்ந்தது.

இனிமேலாவது நல்லா மென்னு முழுங்கு. என்னை மட்டும் மெல்லாதே.

தம்பி


மே 9

பல்செட்டு வந்தது. போட்டுப் பார்த்தேன். கீழ் செட்டு பரவாயில்ல. மேல் செட்டு கொஞ்சம் ஆடுது, உன் புத்தி மாதிரியே. பழைய அச்சுல செஞ்சா அப்படித்தான் இருக்கும், என் ஈறு அன்னைக்கு இருந்த மாதிரியா இருக்கும்? அளவுல நான் புலின்னு பீத்திக்காதே.

ஆனா ரெண்டு பக்கமும் மென்னு சாப்பிட்டேன். அது என்னவோ உண்மை.

படகு எந்த மட்டுக்கு இருக்கு? கம்பெனிக்காரன் கேக்கிறான், அதுக்காகக் கேக்கிறேன்.

அக்கா


மே 24

முதலாளி அம்மாவுக்கு,

கம்பெனிக்காரருக்குச் சொல்லு: படகு முடிஞ்சது. மேல்மூடி ஒட்டியாச்சு. உள்ளுக்கும் எபாக்ஸி போட்டாச்சு. ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு கையால தூக்கிடலாம், அவ்வளவு லேசு.

இதுல என் பெருமையே இடுப்பு ஓட்டைதான். புஸ்தகத்துல போட்டிருக்கிற அளவு தடியனுக்கும் ஒல்லிக்கும் பொதுவா போட்டது. நான் அப்படிச் செய்வேனா? பிளாஸ்டரைக் கரைச்சு, பழைய போர்வையை விரிச்சு, அதுல உக்காந்து என் இடுப்பையே அச்சு எடுத்துட்டேன். அந்த அச்சுக்கு ஓட்டையும், உள்ள தொடையை ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற கட்டையும் வச்சேன். உக்காந்தா ஈறுல பல்லு உக்கார்ற மாதிரி, டக்குனு ஒரு சத்தம். அசையாது.

உன் தம்பி பொண்டாட்டி டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு வந்து, "சட்டைக்குக்கூட ரெண்டு விரல் தளர்ச்சி விடுவோம், இதுல விடலையா"ன்னா. பல்லுல தளர்ச்சி விட்டா சாப்பாட்டுல விழும்டின்னேன். தையல்காரிக்கு என்ன தெரியும்.

கரையோரமா ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். அம்பு மாதிரி போகுது. ஏறி உக்கார மட்டும் அவ தோளைப் பிடிச்சு அமுக்க வேண்டியிருக்கு, இறங்க ரெண்டு பேர் இழுக்கணும். பழகிடும். ஜூன் 8 காலையில கிளம்புறேன். துறையில நின்னு பாரு. பலகை மேலயே நில்லு, கால் நனைஞ்சிடப் போகுது.

தம்பி


மே 29

டேய் மடையா,

ஓட்டையைப் பெருசாக்கு.

நான் படகுல ஏறினதில்லதான். ஆனா படகு வாங்கினவங்களைப் பத்தி எனக்குத் தெரியும். அது கவிழும்டா. ஒல்லிப் படகு கட்டாயம் கவிழும், கவிழ்ந்தா ஆள் தானா நழுவி வெளிய வரணும். ரெண்டு பேர் இழுத்தாத்தான் வெளிய வருவேன்னு நீயே எழுதியிருக்க. தண்ணிக்கு அடியில தலைகீழா தொங்கும்போது எந்த ரெண்டு பேர் வந்து இழுப்பாங்க? பல்செட்டு கழட்டவே வராத மாதிரி செஞ்சா அது பல்செட்டா?

தொடைக் கட்டையை எடு. ஓட்டையைச் சுத்தி நாலு விரல் அறு. அழகு போனா போகட்டும். கெடுவை இன்னும் தள்ளணும்னா தள்ளிக்கோ.

உன் பொண்டாட்டி சொன்னதைக் கேளு. அந்த வீட்டுல மூளை இருக்கிறது அவளுக்குத்தான்.

அக்கா


ஜூன் 3

முதலாளி அம்மாவுக்கு,

தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் என்னமா பாசம் பொங்குது. எபாக்ஸி போட்டு இறுகின மேல்மூடியை இப்ப அறுத்தா விரிசல் விடும், மறுபடி ஒட்டணும், காய வைக்கணும், அதுக்குள்ள மழை வந்துடும். அப்ப "பார்த்தியா, பாதியில விட்டுட்டான்"னு ஊரைக் கூட்டுவ. அந்த நாடகம் எனக்குத் தெரியும்.

கெடுவைத் தள்ள வேணாம். 8ஆம் தேதி. சாவியைத் துடைச்சு வை.

தம்பி


ஜூன் 13

அக்கா,

விலா எலும்புல அடி, படுத்துக்கிட்டே எழுதுறேன். கையெழுத்து கோணலா இருந்தா அதுக்கும் திட்டிக்கோ.

ஏரி பாதி வரைக்கும் பாட்டுப் பாடிக்கிட்டு வந்தேன். அப்புறம் உன் துறை பத்து துடுப்பு தூரத்துக்குக் கிட்ட வந்துடுச்சு. பலகை மேல நீ இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னது தெரிஞ்சது, பக்கத்துல பெயிண்டர். எனக்கு ஒரு திமிர் வந்தது. துடுப்பைத் தலைக்கு மேல தூக்கி உனக்குக் காட்டினேன். அவ்வளவுதான். அடுத்த நொடி எல்லாம் பச்சையா இருந்துச்சு.

வெளிய வரப் பார்த்தேன், வரலை. நான் எடுத்த அளவு அவ்வளவு சரியா இருந்துச்சு. டக்குனு சத்தம் வரும்னு எழுதினேனே, கழட்டும்போதும் வரணும்னு எனக்குத் தோணவே இல்ல. அவ சொன்ன ரெண்டு விரல் ஞாபகம் வந்தது. நீ சொன்ன நாலு விரல் ஞாபகம் வந்தது. மூக்குல தண்ணி போச்சு. பயந்தேன்க்கா. ரொம்பப் பயந்தேன்.

அப்புறம் யாரோ புரட்டிப் போட்டாங்க. கண்ணைத் திறந்தா உன் முகம், மார் வரைக்கும் தண்ணி. அஞ்சு மாசத்துக்கு அப்புறம் நீ என்கிட்ட பேசின முதல் வார்த்தை, "ஓட்டையைப் பெருசாக்குன்னு எழுதினேனேடா நாயே." வாயை அவ்வளவு பெருசா திறந்ததுல மேல் செட்டு ஏரியில விழுந்ததையும் பார்த்தேன். அது ஆடும்னு நீதான் எழுதியிருந்த. அதையும் நான் கேக்கலை.

படகோட சேர்த்து நீ என்னைக் கரைக்கு இழுத்துட்டு வந்த. பெயிண்டர் ரம்பத்தை எடுத்து வந்து ஓட்டையை அறுத்துத்தான் என்னை வெளிய எடுத்தான். அப்புறம் நீ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உள்ள போயிட்ட. ஆஸ்பத்திரிக்கும் வரலை. சொன்ன சொல்லைக் காப்பாத்தறியாக்கும்.

நானும் காப்பாத்தறேன். நானே ஓட்டிக்கிட்டு வந்து துறையில காலை ஊனணும்னு பேச்சு. நான் ஊனலை, நீதான் இழுத்துட்டு வந்த. தோத்துட்டேன். விற்பனைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டு இத்தோட வச்சிருக்கேன். கிடங்குக்காரனை வரச் சொல்லு. படகைக் கிடந்த இடத்துலயே போட்டு உடைச்சு அடுப்புக்கு வச்சுக்கோ. அதைத் திரும்பப் பார்க்க எனக்கு மனசு இல்ல.

தம்பி


ஜூன் 19

பல்லுக்காரனுக்கு,

பத்திரம் வந்தது. நாலு இடத்துலயும் ஒழுங்கா கையெழுத்துப் போட்டிருக்க, தேதிகூட விடலை. உன் வாழ்க்கையில நீ முழுசா முடிச்ச முதல் காரியம் தோத்ததுதான். அதைப் பாராட்டணும்னு தோணுச்சு, பாராட்டிட்டேன்.

நான் ஆஸ்பத்திரிக்கு வராதது சொல்லைக் காப்பாத்த இல்ல. பல்லு இல்லாம உன் முன்னாடி வந்து நிக்கணுமா? அதோட எனக்கு நாலு நாள் ஜுரம். கணுக்காலுக்கே ஜுரம்னு கிண்டல் பண்ணினியே, மார் வரைக்கும் போனா எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டுக்கோ. செருப்பு ஒண்ணும் போச்சு.

எப்படி இறங்கினேன்னு பெயிண்டர் கேக்கிறான். எனக்கே தெரியலைடா. நீ துடுப்பைத் தூக்கினது தெரிஞ்சது. அப்புறம் நீ இல்ல. தலையும் இல்ல, கையும் இல்ல, படகோட வயிறு மட்டும் மிதக்குது. அதுல என் அலமாரிப் பூ. நான் கடை கடையா அலைஞ்சு வாங்கின பூ, ஒரு இதழ்கூடக் குலையாம அப்படியே வரிசையா இருக்கு. அடியில நீ தொங்கிக்கிட்டு இருக்க. தண்ணியைப் பத்தி எனக்கு நினைப்பே வரலை. வந்ததெல்லாம் கோபம்தான். அவ்வளவு ஒழுங்கா பூவை ஒட்டத் தெரிஞ்சவனுக்கு ஒரு ஓட்டை போடத் தெரியலையேன்னு அப்படி ஒரு கோபம். கால் தரையில பட்டப்புறம்தான் தண்ணிக்குள்ள நிக்கிறேன்னே தெரிஞ்சது. நீ செத்திருந்தா உன்னைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

கம்பெனிக்காரன் நேத்து வந்தான். பத்திரத்தைக் கையில வாங்கிட்டு, துறையில கவுத்து வச்சிருந்த உன் படகைப் பார்த்து, "இந்தக் குப்பையையும் எடுத்துட்டீங்கன்னா நல்லது"ன்னான். அதைக் குப்பைன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கு. உன்கூடப் பொறந்திருக்கேன், அதை இழுத்துக் கரை சேர்த்திருக்கேன். இவன் யாரு? பத்திரத்தை அவன் கையில இருந்து வாங்கி ரெண்டா கிழிச்சுட்டு, போயிட்டு வாங்கன்னுட்டேன். நீ தோத்தது தோத்ததுதான், அதுல மாத்தம் இல்ல. சாவி என் இடுப்புலயே இருக்கும். பின் ஷெட்டு மட்டும் காலியாதான் கிடக்கு. விலா ஆறினதும் வந்து சேரு. எனக்கு மரம் தெரியாது, உனக்கு அடக்கம் தெரியாது. பெயிண்டர் ரெண்டு பேரையும் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்.

வரும்போது அச்சு எடுக்கிற மாவு கொண்டு வா. பழைய அச்சைத் தூக்கிக் குப்பையில போடு. என் வாயை இப்ப இருக்கிறபடி அளவெடு, எனக்கு மேல் செட்டு வேணும். உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா, அவளுக்கு நான் ஒரு அலமாரி கடன்.

கடைசியா, அந்தப் படகை அடுப்புல வைக்கலை. பெயிண்டர் அவசரத்துல கண்டபடி அறுத்துட்டான், பார்க்கச் சகிக்கலை, அதை நீதான் சரி பண்ணணும். ஓட்டை எவ்வளவு பெருசுன்னு இந்தத் தடவை உன் இஷ்டத்துக்கு முடிவு பண்ணாதே. என் இடுப்பு உள்ள போயிட்டு வெளிய வர்ற மாதிரி வெட்டு. ரெண்டு விரல் தளர்ச்சி விடு. நான் உக்காரும்போது படகுக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நீ தண்ணியில நிக்கணும். வாயைத் திறக்கக் கூடாது.

அக்கா